நிற்காத ஸ்ட்ரைக்கர்

இந்த ஒரு தடவையாவது சீக்கிரம் நின்றுவிடாதே என்று மூத்த மருமகள் மனதுக்குள் கெஞ்சினாள். கேரம் போர்டில் அவள் சுண்டிவிட்ட ஸ்ட்ரைக்கர் அதன்பிறகு ஏழு வருடங்களாக நிற்கவில்லை.

அந்த வீட்டில் கேரமுக்கு மாமனார் போட்ட விதிகள் இருந்தன. சுண்டியது ஓய்கிறவரை அது சுண்டியவரின் முறை. முறையில் இருப்பவரை எந்த வேலைக்கும் கூப்பிடக்கூடாது. ஓர் ஆட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கக்கூடாது, வேறு போர்டானாலும் சரி. தான் நிம்மதியாக ஆடுவதற்காக அவர் போட்டுக்கொண்டவைதான். மருமகளுக்கு வாய்த்த முறைகள் மூச்சு விடும் நேரத்தில் முடிந்துபோகும். அடுப்படியில் அவளைக் கூப்பிடும் குரல் தயாராகக் காத்திருக்கும். போர்டுக்குப் பவுடர் போட்டுத் தேய்ப்பதும் அவள் வேலைதான். பாதியில் அறுந்துபோன யோசனைகளையெல்லாம் நினைத்துக்கொண்டு அன்று அவள் தேய்த்த தேய்ப்பில், உரசல் என்பதே போர்டை விட்டுப் போய்விட்டது. ஸ்ட்ரைக்கர் நான்கு விளிம்புகளின் நடுவையும் தொட்டுத் தொட்டு, எந்தக் குழியிலும் விழாமல், சிவப்புக் காயைச் சுற்றி வந்தது.

சாயங்காலம் மாமியார் டீ கேட்க வாயெடுத்தார். மாமனார் கையை உயர்த்தி, "அவ முறை இன்னும் முடியல" என்றார். கொழுந்தன் போய் டீ போட்டான். வாயில் வைக்க முடியவில்லை. போகப் போகத் தேறியது. கணவன் குக்கர் விசிலை எண்ணக் கற்றுக்கொண்டு, தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஆபீசில் பீற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தான். பார்க்க வந்த அறிவியல் வாத்தியார், தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஓடுவது ஓடிக்கொண்டுதான் இருக்கும், இதில் என்ன அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் விசில் கேட்டாலே அவள் கால் தானாக எழுந்தது. திருடிவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு யோசனை நடுவில் அறுபடாமல் கடைசிவரை ஓடியது: தான் பஸ் ஓட்ட வேண்டும். முறையில் இருப்பவர் வெளியே போகக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. லைசென்ஸ் எடுத்தாள். ஊரிலேயே நீளமான பஸ்ஸை மார்க்கெட் சந்தில் ஒரு கீறல் விழாமல் அவள் திருப்பிய அன்று கடைக்காரர்கள் வேலையை விட்டுக் கைதட்டினார்கள். டிக்கெட் எடுத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் பக்கத்தில் இருந்தவளிடம், "ஓட்டறது எங்க மருமகதான். கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார்.

ஏழாம் வருடம், ஆடாமல் விரல் நமநமத்துப்போன மாமனார், அவள் வேலை முடிந்து வரும்வரை போர்டருகிலேயே நின்றிருந்தார்.

"ஏம்மா, நீ ஒரு விரல வெச்சா நின்னுடும். எனக்கும் வயசாகுது. ஒரு ஆட்டம் ஆடணும்போல இருக்கு."

அவர் இப்படித் தணிந்து கேட்டு அவள் பார்த்ததில்லை. இரக்கம் விரல்நுனிவரை வந்தது. ஸ்ட்ரைக்கர் நின்ற மறுநொடி அடுப்படியிலிருந்து குரல் வரும் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"புது ஆட்டம் ஆரம்பிக்கலாம்னு வேணா விதிய மாத்திக்குங்க மாமா. என் முறை இன்னும் முடியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கணவன் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டாள்.