கிளிப் வைத்த ட்ரைபாட்

ஜெசிந்தா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்த ட்ரைபாடை அவள் அண்ணன் கலைவாணன் கையில் வாங்கிய உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த கேமரா கடை. கண்ணாடி மேஜையின் மேல், கேமராவை நிறுத்தும் அந்த மூன்று கால் ஸ்டாண்டு மடங்கிப் படுத்திருந்தது. மடக்கினால் முழங்கை நீளம்தான். தூக்கினால் ஒரு தேங்காயின் கனம்கூட இல்லை. ஜெசிந்தா இயற்பியல் படித்துவிட்டு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் தரச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், எந்த ட்ரைபாடுக்கு என்ன எடை, எது எவ்வளவு தாங்கும், எது காற்றில் குறைவாக அதிரும் என்று போனில் படித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இதில் வந்து நின்றாள். விலையும் கைக்கு அடங்கியது. ரயிலிலும் பஸ்ஸிலும் தனியாகப் போகிறவனுக்கு இதைவிட லேசானது இந்த விலைக்குக் கிடையாது.

"திருகுற காலு வாணாண்ணே" என்றான் கலைவாணன், கடைக்காரர் சுப்புராமனிடம். "கிளிப்பு வெச்சது இருந்தா காட்டுங்க."

ட்ரைபாடின் கால் என்பது குழாய்க்குள் குழாய். இழுத்த நீளத்தில் நிற்க, சிலவற்றில் வளையத்தைத் திருகி இறுக்க வேண்டும். சிலவற்றில் கிளிப்பை மடக்கிவிட்டால் போதும். கிளிப் வைத்தவை கொஞ்சம் தடிமன், கொஞ்சம் கனம். பையில் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கும். அதனாலேயே ஜெசிந்தா அவற்றையெல்லாம் ஒதுக்கியிருந்தாள்.

"பாப்பா சொல்றதுதான் கரெக்டு தம்பி" என்றார் சுப்புராமன். "டூருக்குன்ற. தூக்கிகினு அலையப்போறது நீ. இந்த அலுமினியத்த நாலு நாளு சொமந்து பாரு, தோளு வூங்கிடும்."

"வூங்கட்டும்ணே. குடுங்க."

அவர் உள்ளே போய்ப் பழைய மாடல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். கலைவாணன் அதை வாங்கித் தரையில் நிறுத்தினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கை மேலிருந்து கீழே இறங்கியது. கிளிப், இழுப்பு, மடக்கு. அடுத்த கால். கிளிப், இழுப்பு, மடக்கு. மூன்றாவது காலில் ஒரு கிளிப்பை வேண்டுமென்றே திறந்துவிட்டு, மறுபடி மேலிருந்து தடவிக்கொண்டு வந்தான். திறந்திருந்த கிளிப் விரலில் இடறியது. "ம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை மூடினான்.

"இன்னா தம்பி, கண்ண மூடிகினு வேண்டிக்கிறியா? ட்ரைபாடு வாங்க எந்தக் கோயிலு?"

"மாதா கோயிலுதாண்ணே" என்றான், கண்ணைத் திறக்காமலே.

சுப்புராமன் சிரித்தார். ஜெசிந்தாவும் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்தாள். அவள் பார்வை அவன் விரல்களைவிட்டு நகரவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நாள் முழுக்கச் செல்போன்களைப் பிரித்து மாட்டுகிற விரல்கள் அவை. எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆனால் இந்த விரல்கள் இப்போதுதான் கற்றுக்கொள்வதுபோல் தெரியவில்லை. வீட்டில் எங்கோ, எதையோ வைத்து, யாரும் இல்லாதபோது பழகியிருக்கின்றன.

மேலே பொருத்தும் தலை விஷயத்திலும் அதே கதைதான். ஜெசிந்தா உருண்டைத் தலையைச் சொல்லியிருந்தாள். சின்னது, லேசானது, ஒரே திருகில் கேமரா எந்தப் பக்கமும் திரும்பும். கலைவாணன் அதில் தன் பழைய கேமராவை மாட்டித் திருகைத் தளர்த்தினான். கேமரா தலை தொங்கிச் சாய்ந்தது. "இதுல எது மேல எது கீழன்னே தெர்ல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டான். மூன்று கைப்பிடி வைத்த பெரிய தலை ஒன்று அலமாரி மூலையில் கிடந்தது. ஒரு பிடி மேலும் கீழும் அசைக்க, ஒன்று பக்கவாட்டில் சாய்க்க, குட்டையான மூன்றாவது சுற்றித் திருப்ப. பிடித்த பிடியிலேயே எது எது என்று தெரிந்துவிடும். அதையும் கண்ணை மூடியபடியே தொட்டுப் பார்த்தான். "இத்த மாட்டுங்கண்ணே."

பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே அவனுக்கு இருட்டில் பார்வை மங்கல். சென்னைக் கண் மருத்துவமனையில் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து சாகிறது. நடுவில் உள்ள பார்வை கடைசிவரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அம்மா அந்தப் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. "அவனுக்குக் கொஞ்சம் மாலக்கண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். போன மாதம் தனியாக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவன், "இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலயில்லன்னு சொல்லிட்டாரு" என்றான். அன்று அம்மா பிரியாணி செய்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே குஜராத் போகிற பேச்சை எடுத்தான். அங்கே உப்புப் பாலைவனத்தில் விளக்கே கிடையாதாம். கேமராவைக் கொஞ்ச நேரம் அசையாமல் வானத்தைப் பார்க்க வைத்தால் நட்சத்திரமெல்லாம் பதியுமாம். அவன் நட்சத்திரம் பார்த்துப் பல வருடம் ஆகிறது. வானத்தில் தெரியாததைக் கேமராவின் பின்னாலிருக்கும் சின்னத் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். தனியாகத்தான் போவேன் என்றான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. இன்று காலை ஜெசிந்தாவை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "அவன் சொல்றத நான் நம்பமாட்டேன். இருட்டுனப்பறம் எப்டி நடக்குறான், எப்டிப் பாக்குறான்னு நீ கூட இருந்து பாத்துட்டு வந்து சொல்லு. நீ சரின்னா டிக்கெட்டு போடட்டும். இல்லன்னா இல்ல." ஜெசிந்தா தலையாட்டினாள். வீட்டில் அவள் சொல்வதற்கு இருந்த மதிப்பு முழுவதும், அவள் அதிகம் பேசாததால் வந்தது.

ட்ரைபாடை எடுத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்கச் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கலைவாணன் ஜன்னலோரம் தூங்கிப்போனான். மடியில் கிடந்த ட்ரைபாடை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது டச்சுக் கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கரையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் விழும். கடல் முதலில் இருண்டுவிடும். படகுகள் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தன. கலைவாணன் ஈர மணலில் ட்ரைபாடை விரித்தான். ஒரு காலில்கூடத் தடுமாறவில்லை. கேமராவை மாட்டினான், பிடிகளைத் தொட்டுச் சரிசெய்தான், கேமராவின் கண் அரை நிமிடம் திறந்தே இருக்கும்படி வைத்தான். எல்லாம் விரல்களே பார்த்துக்கொண்டன. அம்மா இதைப் பார்த்திருந்தால் இங்கேயே டிக்கெட் போடச் சொல்லியிருப்பாள்.

இரண்டு மூன்று படம் எடுத்தான். ஒவ்வொன்றிலும் அலைகள் பால் ஆவிபோல் பதிந்தன. "சூப்பரா கீது ஜெசி! நாம பாக்கறப்போ கூட இப்டித் தெரியாது" என்றான். மறுபடி பித்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

ஜெசிந்தா அப்போதுதான் நடந்தாள். முன்கூட்டி யோசித்துச் செய்ததல்ல. பக்கத்தில் நின்றிருந்தவள் விலகி, சுற்றிப் போய், கேமராவுக்கு எதிரே அவன் முகத்துக்கு நேராக வந்தாள். அலைச் சத்தத்தில் காலடி கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அவன் சட்டையின் கட்டங்கள்கூடத் தெரிந்தன. நின்று அவனைப் பார்த்தாள். அவனும் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அது கடலுக்கு. சோதனைக் கூடத்தில் கம்பியை முறியும்வரை இழுத்துப் பார்ப்பார்கள். முறிந்த அளவைக் குறித்துக்கொள்வது அவள் வேலை. மறுபக்கமாகச் சுற்றி வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டாள்.

கேமரா டிக்கென்றது. கலைவாணன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"இது இன்னாது? நடுவுல பொகமாரி?"

"யாராவது நடந்து போயிருப்பாங்க" என்றாள். "வல இழுக்குறவங்க."

அவன் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். வெளிச்சமான திரையில் அவனுக்கு எல்லாம் தெரியும்.

"வல இழுக்குறவரு தோள்ல ஒன்ன மாதிரியே ஹேண்ட்பேக்கு மாட்டிகினு போறாரு" என்றான்.

ஜெசிந்தா தோள் பையைப் பின்னுக்குத் தள்ளினாள். அவன் திரையை அணைக்கவில்லை. அலை ஒன்று ட்ரைபாடின் கால்வரை வந்து மணலை அரித்துக்கொண்டு போனது.

"அம்மா சொல்லி அனுப்ச்சிதா?"

"ம்."

"பாஸா, ஃபெயிலா?"

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "டாக்டர் நெஜமா இன்னாண்ணா சொன்னாரு?"

"வருஷக் கணக்கெல்லாம் சொல்லல. அது நானா சொன்னது." கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தான். "எங்கனா போணும்னு ஆசையிருந்தா சீக்கிரம் போய்ட்டு வந்துடுன்னாரு. நல்ல மனுஷன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல, ஜன்னலப் பாத்துச் சொன்னாரு."

"நான் கூட வரேன்."

"நீ வந்தா நீதான் பாப்ப. 'இங்க பாருண்ணா, அங்க பாருண்ணா'ன்னுவ. அப்பறம் ஆயுசு பூரா அதான் ஜெசி. ஒரே ஒரு தபா நானே போய்ப் பாத்துட்டு வந்துர்றேனே."

கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கால்களை உள்ளே தள்ளினான். டக், டக் என்று சத்தம் வந்தது. அதற்குள் முழுக்க இருட்டிவிட்டது. பஸ் நிற்கும் இடத்துக்குச் சவுக்குத் தோப்பு ஓரமாக, கயிறும் வலையும் கிடக்கும் மணலில் நடந்து போக வேண்டும்.

"டார்ச் போடட்டா?"

"வாணாம். நீ முன்னால நட. செருப்பு சத்தம் கேட்டா போதும்."

ஜெசிந்தா செருப்பை மணலில் அடித்து அடித்து நடந்தாள். ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் பின்னால் வந்தான். இரண்டு இடத்தில் காலை இடித்துக்கொண்டான். சத்தம் காட்டவில்லை. அவளும் திரும்பவில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. அம்மா. ஜெசிந்தா அந்தப் பெயரைப் பார்த்தபடி நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது; எதைச் சொன்னாலும் அது அவன்மேல் விழும் என்பதும் தெரிந்தது. போனை மெல்லத் தரைப்பக்கம் திருப்பினாள். மணல், ஒரு நைலான் கயிறு, உடைந்த கிளிஞ்சல்கள், அவன் பாதம். அவன் கயிற்றைத் தாண்டி வந்தான்.

"எடுக்கலியா?" என்றான்.

அதிர்வு நின்றது. வெளிச்சமும் போனது. இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு அம்மா மறுபடி அழைக்க, அவள் கையில் தரையைப் பார்த்த வெளிச்சம் திரும்ப வந்தது. கலைவாணன் குனிந்து தரையைப் பார்த்து, கிழிந்த வலை ஒன்றைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்தான்.