நன்றி சொல்லாத நாற்காலி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மூக்குக்கண்ணாடியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அது போனால் எனக்குச் சுவரும் கதவும் ஒன்றுதான். ஆகவே அதைப் பணயம் வைத்துப் பொய் சொல்ல மாட்டேன்.

1

முழங்கால் எக்ஸ்ரேவுக்காக ஆஸ்பத்திரியின் முதல் மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் காலி சக்கர நாற்காலியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். திருப்பத்தில் நின்று, குனிந்து, "கால் இடிக்குதா?" என்று அதனிடம் கேட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எக்ஸ்ரே எடுத்தார்களா என்பது நினைவில்லை. கதை கிடைத்தது.

2

தொடக்கம்தான் அமையவில்லை.

'அது ஒரு மழைக்காலப் பிற்பகல். நீண்ட தாழ்வாரத்தில்—' வேண்டாம். ஆள் குடைக்கடைக்காரர். மழை பெய்திருந்தால் கடையில் இருந்திருப்பார்.

'பிறருக்குத் தொண்டு செய்வதே பிறவியின்—' அடித்துவிட்டேன். பேனாவையும் கழுவி வைத்தேன்.

நேராகவே சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் அவர் குடை விற்றார். வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் "ரொம்ப நன்றி, மறுபடி வாங்க" என்றார். அவருக்கு யாரும் சொன்னதில்லை. குடையை வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போனார்கள். கடையை மகளிடம் கொடுத்துவிட்டு, நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தள்ளும் தொண்டராக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். முதல் நாள் ஒரு பாட்டி இறங்கும்போது, "நன்றிப்பா, நல்லாயிருப்பே" என்றாள். அவருக்குக் காதோரம் சூடாகிவிட்டது. மறுநாள் அரை மணி முன்னதாகவே வந்து நின்றார்.

3

ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு, ஸ்கேன் அறை வாசலில் கிடந்த காலி நாற்காலியை எடுக்கப் போனார். அசையவில்லை. சிப்பந்தியைக் கூப்பிட்டார்.

"எண்ணெய் போட்டாச்சு சார். இதுக்கு மேல நான் என்ன, பூசையா போட முடியும்?"

கைப்பிடியில் கை வைக்கும் முன் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "எங்க போகணும்?"

"ரெண்டாவது மாடி."

தொண்டை வறண்ட குரல், காலி நாற்காலியிலிருந்து. உட்காரும் துணி நடுவில் குழிந்திருந்தது. கொண்டுபோய் விட்டார். பிரேக்கைப் போட்டதும் துணி மெல்ல நிமிர்ந்தது.

(இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது. "பயமாயில்லையா?" என்று கேட்டேன். "கடை வச்சவனுக்கு எந்தக் கஸ்டமரும் கஸ்டமர்தான்" என்றார். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அவர் பயந்திருந்தால் வசதி.)

மறுநாளும் அதே நேரம், அதே மாடி. பத்து நாள் ஆனதும் வீட்டில் சொன்னார்.

"பேய்ப்பா அது. பேசாம விட்டுடுங்க" என்றாள் மகள்.

"பேயா இருந்துட்டுப் போகட்டும்மா. பத்து நாளா தள்றேன், ஒரு நன்றி இல்ல. அப்படி என்ன திமிரு?"

"பேய்கிட்ட போய் மரியாதை எதிர்பார்க்கறீங்க பாருங்க, உங்களைச் சொல்லணும்."

சாப்பிடும்போதும் அதே நினைப்பு. தட்டில் கை காய்ந்தது.*

* இங்கே மனித மனம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மறுபடி படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

4

அந்த வாரம் தொண்டர்களின் பொறுப்பாளர் அம்மா எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். ஒரே கேள்வி: இந்தத் தொண்டை ஏன் செய்கிறீர்கள்? கீழே இரண்டு கோடு.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடுங்க சார். எழுதாதவங்க நீலக் கோட்டைத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"என்னம்மா எழுதறது?"

"எல்லாரும் சேவை மனப்பான்மைன்னு போட்டிருக்காங்க. நீங்களும் போட்டுடுங்க, யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?"

முப்பத்து நான்கு வருடத்தில் ஒழுகும் குடையை ஒழுகாது என்று அவர் விற்றதில்லை. 'நன்றி கேட்க' என்று எழுதவும் கூச்சம். கோட்டுப் போனாலோ, காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடையாது. கடையில் மகளுக்குக் குறுக்கே நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோட்டுப் பையில் வெற்றுப் படிவம். பதினொன்றரை மணிக்கு நாற்காலி கனத்தது. தள்ளிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு நன்றி சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

இரண்டாவது மாடி வந்தது. அந்த வறண்ட குரலும் வந்தது.

"நேத்து ஒரு அம்மா உங்களுக்கு மூணு தடவை நன்றி சொன்னாங்க. அவங்களுக்கு எந்தக் கால்ல கட்டு?"

யோசித்தார். காலும் நினைவுக்கு வரவில்லை, முகமும் வரவில்லை.

"அதுக்கு முந்தின நாள் வந்தவரு?"

அவரும் வரவில்லை.

"நன்றி சொன்னவங்க யாரும் உங்ககூட வீட்டுக்கு வர்றதில்ல. நான் தினமும் வர்றேன். நீங்க சாப்பிடறப்பகூட பக்கத்துல இருக்கேன். எனக்கு இருக்கறதுக்கு வேற இடம் கிடையாதுங்க. சொல்லிட்டா அதுவும் போயிடும். சொல்லணும்னா சொல்லிடறேன். வேணுமா?"

கைப்பிடி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

5

முடிவு, ஒன்று. "வேண்டாங்க" என்கிறார். படிவத்தில் ஏதோ உயர்வாக எழுதுகிறார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு இந்த ஆள்மேல் அத்தனை நம்பிக்கை இல்லை.

முடிவு, இரண்டு. "சொல்லுங்க" என்கிறார். அது சொல்கிறது, அழகாக, 'ஐயா' சேர்த்து. காதோரம் சூடாகிறது. நாற்காலி காற்றாய் லேசாகிறது. கீழே பொறுப்பாளர் அம்மா, "என்ன சார், முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்கிறார். "ஒண்ணுமில்லம்மா. மேல யாரையோ விட்டுட்டு வந்தேன். யாருன்னுதான் ஞாபகம் வரல..." இதை எழுதிவிட்டு நான் அறையில் இன்னொரு விளக்கும் போட்டுக்கொண்டேன்.

முடிவு, மூன்று. அவர்—

இல்லை. பெஞ்சில் அவர் எனக்குச் சொன்னது குளிர்ந்த கைப்பிடி வரைக்கும்தான். அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே என் கதையில் மனுஷர் இன்னும் இரண்டாவது மாடியில் நிற்கிறார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். நாற்காலி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்ட இன்று காலைதான் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.