அரக்கியின் பல்

கதை எழுதுகிறவர்களுக்குச் சோம்பல் அதிகம். இளவரசி என்றால் சிவப்பு, அரக்கி என்றால் கறுப்பும் நீண்ட பல்லும். அவர்கள் சோம்பலால் அடிபட்டவள் இருளம்மாள்.

சுந்தரபாண்டியம் பக்கம் ஓர் அங்கன்வாடியில் அவள் ஆயா. சமைப்பதும் ஊட்டுவதும் அவள் வேலை. நல்ல கறுப்பு, முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே நிற்கும். பிள்ளைகள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. நான்கு வயது இர்ஃபானா அவள் மடியில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள்.

சுவரில் கதைப்படம் வரைய ராஜபாளையத்திலிருந்து பாண்டிதுரை வந்தார். புது வீடுகளில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கு முகம் வரைவதுதான் அவர் பிழைப்பு. கண்ணேறு கழிய முகம் கோரமாக இருக்க வேண்டும், பல் வெளியே துருத்த வேண்டும். இளவரசியை ஏனோதானோவென்று முடித்தவர், அரக்கியிடம் கைவரிசை முழுவதையும் காட்டிவிட்டார்.

மறுநாள் டீச்சர் கனகலட்சுமி படத்தைக் காட்டிக் கதை சொன்னார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு அடுப்படியைப் பார்த்தார்கள். சோறு ஊட்ட வந்த கையை இர்ஃபானா தட்டிவிட்டாள். அடுத்த நாளும் சாப்பிடவில்லை.

"ஆயாம்மா புள்ளயத் திங்கும்" என்றாள்.

இருளம்மாளுக்குத் தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஊட்டிப் பார்த்தாள். பிள்ளை இன்னும் பயந்தது. மிச்சச் சுவரை முடிக்க வந்த பாண்டிதுரையிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தப் பல்ல மட்டும் அழிச்சிருங்க."

"பல்லில்லாத அரக்கியாம்மா? ஆரு பயப்படுவா?"

"பயந்தது போதும்ணே. ஒரு புள்ள பட்டினி கெடக்கு."

அவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பெயின்ட்டைக் குழைத்தார்.

காலையில் அரக்கி பொக்கைவாயோடு நின்றாள். அழித்து என்ன பிரயோசனம்? இப்போது அந்த அறையில் துருத்திக்கொண்டிருந்தது இருளம்மாளின் பல் மட்டும்தான்.

இர்ஃபானா எட்ட நின்றே கேட்டாள். "ஆயாம்மா, அரக்கி பல்ல நீயா புடுங்குன?"

சோறு பிசைந்துகொண்டிருந்த இருளம்மாள் இல்லையென்று சொல்லத்தான் நிமிர்ந்தாள். பிள்ளையின் முகத்தில் பசி தெரிந்தது.

"ஆமா. நாந்தான் புடுங்கி மாட்டிக்கிட்டேன். இனி அவ ஆரையும் திங்க ஏலாது."

இர்ஃபானா கிட்டே வந்தாள். அந்தப் பற்களை விரலால் ஆட்டிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தன.

"எனக்கும் இப்புடிப் பல்லு வேணும்."

பிறந்ததிலிருந்து யாரும் இருளம்மாளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"சோத்தத் தின்னா மொளைக்கும்" என்றாள்.

பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தது.