கிடங்குத் தெருவின் முதல் குடிமகள்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். பொங்கும் முன் கேஸ் அடுப்பை அணைத்தேன். பாலை ஆற்றிக் குழந்தையின் புட்டியில் ஊற்றினேன். என் மனைவி சுகந்தியின் துண்டு கொடியில் கிடந்தது. எட்டு மாதமாக அது காய்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துவிடாமல் இருக்கத் திருப்பிப் போட்டேன். அல்லியைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டினேன். பாதிப் படி இறங்கியதும் மறுபடி ஏறி, பூட்டைத் திறந்து, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தினமும் அப்படித்தான்.

அன்று என் மகளை ஜனாதிபதி ஆக்கலாமா என்று விசாரிக்கும் நாள்.

எங்கள் கிடங்குத் தெரு பொங்கலுக்கு மறுவாரம் தனி நாடானது. யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் குடிநீர்க் குழாயில் தண்ணீருக்குப் பதிலாக அரசியல் சாசனம் வந்தது. எல்லோரும் குடத்தில் பிடித்தோம். முதல் விதி தெளிவாக இருந்தது. தெரு எல்லைக்குள் பிறந்தவர்தான் ஜனாதிபதி ஆகலாம். இரண்டாம் விதி கலங்கலாக வந்தது. வடிகட்டிப் படித்தோம். தாயில்லாத குழந்தை எல்லைக்கு வெளியே பிறந்திருந்தால் அது தாய்வீட்டு நாட்டுக்குச் சொந்தம்.

முதல் விதியிலேயே நாடு நின்றுவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் மூத்த பிள்ளைகள் எல்லோரும் நெய்வேலியிலும் திட்டக்குடியிலும் பிறந்த அயல்நாட்டவர். அடுத்தடுத்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஆஸ்பத்திரி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதுவும் வெளிநாடு. ஜனாதிபதிக்காக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் புறா உட்கார்ந்தது. புறாவும் தகுதியற்றது. அதன் கூடு ரயில்வே காலனியில் இருந்தது.

மிஞ்சியது அல்லி. அவள் ஆட்டோவில் பிறந்தாள்.

விசாரணை தெருமுனையில். நடந்தோம். முக்கியமான நாட்களில் தெரு நீளும். ஒரே ரேஷன் கடையை மூன்று முறை தாண்டினோம். மூன்றாம் முறை கடைக்காரர் அல்லிக்கு சல்யூட் அடித்தார். அல்லி கொட்டாவி விட்டாள்.

தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். தேர்தல் அதிகாரி ஒரு பெண். சைக்கிளில் உட்கார்ந்தபடி அலுவலகம் நடத்தினார். நிறுத்தினால் அலுவலகம் விழுந்துவிடும் என்பதால் பந்தலுக்குள் வட்டமடித்துக்கொண்டே இருந்தார். என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கேள்வி.

"பெத்தவரா?"

"ஆமாங்க."

ஒரு சுற்று வந்தார்.

"நீங்க எங்க பொறந்தீங்க?"

"சேத்தியாத்தோப்பு. அம்மா வீட்டுல."

"பரவால்ல. உங்கள யாரும் கேக்கல."

சுண்ணாம்பில் எல்லைக்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மாமியார் நின்றிருந்தார். அவர் பண்ருட்டியின் தூதர். ஒரு கையில் மடக்குத் தொட்டில். இடுப்பில் பலாப்பழம்.

"சாப்ட்டியா மாப்ள?"

"சாப்ட்டேன் அத்த."

"பொய் சொல்லாத. சட்ட தொளதொளன்னு நிக்குது. புள்ள அங்க வந்துட்டா நீயும் வாரம் ஒருதரம் வா. விசா நான் தரேன்."

"சரி அத்த."

"அழுவாத."

"நான் அழல அத்த."

"அதான் சொல்றேன்."

பண்ருட்டி நல்ல ஊர்தான். தொட்டிலும் நல்ல தொட்டில். நான் அல்லியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆட்சேபம் தெரிவித்தவர் சபாநாயகம். எதிர்வீட்டுக்காரர். மாசி மாதத்தில் தபால்பெட்டி ஆகிவிட்டார். அவர் மனைவி தினமும் துடைத்து, நெற்றி இருந்த இடத்தில் விபூதி பூசுகிறார்.

"ஆட்சேபணை என்ன?" என்றார் அதிகாரி.

"அது பாண்டிச்சேரி நம்பர் ஆட்டோங்க. யூனியன் பிரதேசம். அதுக்குள்ள பொறந்தா யூனியன் பிரதேசத்துல பொறந்த மாதிரி. கப்பல் சட்டம்."

"நீங்க எங்க பொறந்தீங்க?"

"விருத்தாசலத்துல. ஆனா எட்டு மாசம் வயித்துக்குள்ள இங்கதான் இருந்தேன். ஒம்பதாம் மாசம்தான் கூட்டிட்டுப் போனாங்க. கழிச்சா இந்தத் தெருவுக்குத்தான் மெஜாரிட்டி."

"தபால்பெட்டி மத்திய அரசுச் சொத்து. போட்டியிட முடியாது."

சபாநாயகம் வாயை மூடிக்கொண்டார். ஒரு கல்யாணப் பத்திரிகை உள்ளே விழுந்தது.

ஆட்டோ ஓட்டிய சகாயத்தைக் கூப்பிட்டார்கள். அவர் ஆட்டோவோடு சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"என்ன நடந்துச்சு?"

"வளைகாப்பு முடிஞ்சு அந்தம்மாவ அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நல்ல நேரம் பாத்துதான் கெளம்புனோம். கோட்டத் தாண்டி மெயின் ரோட்டுல ஏறிட்டேன். திடீர்னு சார் வண்டியத் திருப்புன்னாரு. திருப்பிட்டேன். பாதி திரும்புறப்ப பாப்பா பொறந்துடுச்சு. நாள் இன்னும் கெடந்துச்சு மேடம். பாப்பாவுக்குத்தான் அவசரம்."

"சக்கரம் எங்க இருந்துச்சு?"

"முன்சக்கரம் உள்ள. பின்சக்கரம் ரெண்டும் வெளிய."

"பாப்பா?"

சகாயம் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி போட்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

"பின்னாடி மேடம்."

மாமியார் தொட்டிலை விரித்தார். அது நன்றாக விரிந்தது. அல்லி அதைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

அதிகாரி இரண்டு சுற்று வந்தார். மூன்றாம் சுற்றில் மெதுவாக மிதித்தார்.

"சக்கரம் ரெண்டு நாட்டுல இருந்தா மூணாம் விதி. பெத்தவ மனசு எந்த வீட்டுல இருந்துச்சோ, அங்கதான் புள்ள பொறந்தது. அந்தம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

"ஆட்டோவ ஏன் திருப்பச் சொன்னாரோ, அதுவாத்தான் இருக்கும்" என்றார் சகாயம். "எனக்குக் கேக்கல. பின்னாடி லாரிக்காரன் ஹாரன அமுக்கிட்டே இருந்தான்."

"அம்மான்னுதான் சொல்லியிருப்பா" என்றார் மாமியார். "எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. அப்ப புள்ள பண்ருட்டி."

தெருக்காரர்கள் ஏற்கெனவே வேறொன்றைச் சுவரில் எழுதியிருந்தார்கள். 'என் மூச்சும் பேச்சும் கிடங்குத் தெருவே.' பெயின்ட் இன்னும் காயவில்லை. சபாநாயகம் வாய் வழியாக என்னிடம் கிசுகிசுத்தார்.

"அதையே சொல்லிடு தம்பி. எதிர்த்துக் கேட்டேன்னு நெனைக்காத. பாப்பா இங்கயே இருக்கட்டும். எனக்கும் பொழுது போகும்."

சுகந்தி அப்படிப் பேசமாட்டாள். அவள் பி.காம். சுவரில் இருந்ததைச் சொன்னால் அல்லி எனக்கு. அம்மா என்று சொன்னால் அல்லி அத்தைக்கு. இரண்டும் அவள் சொன்னதல்ல. ஆட்டோ திரும்பியபோது அவள் கத்தினாள். அது பேச்சில் சேராது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தாள். அதுவும் சேராது.

நான் சைக்கிளோடு ஓடினேன். ஓடிக்கொண்டே அதிகாரியின் காதில் சொன்னேன்.

அவர் பிரேக் பிடித்தார். அலுவலகம் விழவில்லை.

"இதச் சொன்னவுடனே திருப்பிட்டீங்களா?"

"எனக்குத் தெரியலைங்க. அதனால திருப்பச் சொன்னேன்."

"எங்க வீட்டுலயும் இதே கததான்" என்று சொல்லி, காலை ஊன்றி, மணியை அடித்தார். "குழந்தை எல்லைக்குள் பிறந்தது."

தெரு கைதட்டியது. நீண்டிருந்த பகுதி சட்டென்று சுருங்கியதில் பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். அல்லியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சரிந்தாள். இரண்டு பக்கமும் தலையணை வைத்தார்கள். அரசு முத்திரையைக் கொடுத்தார்கள். கடித்தாள். பதவியேற்பு முடிந்தது என்று அறிவித்தார்கள்.

ஜனாதிபதி முதல் வேலையாக எல்லைக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். அது ஆணை என்று அதிகாரி சொன்னார். இரண்டு பேர் மாமியாரைத் தொட்டிலோடும் பலாப்பழத்தோடும் இந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். அவருக்கு அந்த இடத்திலேயே குடியுரிமை கிடைத்தது.

"நான் ரெண்டு நாள்தான் இருப்பேன்" என்றார்.

தொட்டிலை எங்கள் சமையலறைக்குப் பக்கத்தில் போடலாமா என்று அடுத்துக் கேட்டார்.

பலாப்பழத்தை அறுத்தார்கள். சபாநாயகத்துக்கு ஒரு சுளை போட்டார்கள். சுவரில் எழுதியிருந்ததை ஒருவர் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். அந்த இடத்தில் தேசிய வாசகம் எழுத வேண்டும் என்று பிரஷ்ஷோடு நின்றார்.

மாமியார் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார்.

"அப்படி என்னதான் மாப்ள சொன்னா எம் பொண்ணு?"

யாரோ என் வாயருகே மைக்கை நீட்டினார்கள். அது ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. பிரஷ்காரர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டார். அல்லி முத்திரையைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சுகந்தி சொன்ன மாதிரியே சொன்னேன்.

"ஏங்க, கேஸ மூடிட்டுத்தானே வந்தீங்க?"