ஏழுன்னா ஏழு

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு இரண்டு காது மட்டும் போதாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு தராசும் வேண்டும் என்பது ஞானசீலனின் கட்சி. அவன் அப்பா தாராவியில் பழைய தகர டப்பா வியாபாரி. நூறு என்று காதில் விழுந்தால் ஐம்பது என்று வாயில் வர வேண்டும் என்பதை, அ ஆ எழுதப் பழகுமுன்பே கற்றுக்கொண்ட பிள்ளை.

பதினோரு வருடமாக வண்டியிலும் அதே பாடம்தான் கைகொடுத்தது. கடைத்தெருக்காரர்கள் நோய்க்கும் ஏற்றி வைத்துத்தான் விலை சொல்வார்கள். "ஆள் போயிட்டாரு, ஓடி வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் போன ஆள் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். "ஹார்ட் அட்டாக்" என்றால் பாதி நாள் புளித்த ஏப்பம். உள்ளதைச் சொன்னால் வண்டி வராது என்று அவர்களுக்குப் பயம். ஆகவே ஞானசீலன் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரைக்குள் ஐந்து கேஸ் முடிந்திருந்தது. ஐந்தாவது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. அவனும் வண்டியின் டாக்டர் ரீனாவும் சேர்ந்தே இறக்கினார்கள். ரீனா செம்பூர்ப் பெண், சேர்ந்து எட்டு மாதம். இருவரும் காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. மாட்டுங்காவில், பன்னுக்குள் வடை வைத்துத் தரும் வடாபாவ் வண்டி கண்ணில் பட்ட நேரம் பார்த்து, அடுத்த கேஸைச் சொல்லும் டேப்லட் கூவியது.

கிளம்பும்போதே அழைத்தவரிடம் பேச வேண்டும் என்பது விதி. பேசினான்.

"ஆம்புலன்ஸ் டிரைவர் பேசுதேன் அண்ணாச்சி. என்ன செய்யுது?"

"நெஞ்சுல கொஞ்சம் பாரமா இருக்கு. இடது கையும் வலிக்கு." கடையில் வாளிக்கு மூடி கேட்பது போன்ற சாதாரணக் குரல். "எவ்வளவு நேரத்துல வருவீய?"

"பத்து நிமிஷம்."

"சரி." வைத்துவிட்டார்.

கொஞ்சம் பாரம். அதிலும் பாதியைத் தள்ளினால் ஒரு ஏப்பம்கூடத் தேறாது. ஞானசீலன் வண்டியை ஓரம் கட்டி, "தோ வடாபாவ், ஜல்தி" என்று அவசரமாக இரண்டு கேட்டான்.

"அண்ணா, கேஸ் இருக்கு."

"கொஞ்சம் பாரமாம் மேடம். அடுத்த ஸ்ட்ரெச்சரைத் தூக்கையில நீங்க விழுந்தா, உங்களைத் தூக்க யார் வருவா?"

வடாபாவ்காரர் நிதானமாகச் சட்னி தடவினார். ரீனா டேப்லட்டைப் பார்த்துப் படித்தாள். "பூதத்தான், பிளாஸ்டிக் சாமான் கடை, தாராவி தொண்ணூறடி ரோடு. தெரிஞ்சவரா?"

பொட்டலத்துக்கு நீட்டிய ஞானசீலனின் கை அப்படியே நின்றது.

அந்தக் கடைத்தெருவில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டி, சொன்னபடி நடக்கிற ஒரே ஆள் பூதத்தான். முப்பது வருடமாக ஒரு ரூபாய் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கூடப் பிறந்த அக்கா ஒரு குடத்துக்கு மன்றாடிவிட்டு எதிர்க்கடையில் வாங்கிப் போனாள். அந்த மனிதர் ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார். பாரம் என்கிறார்.

"மேடம், இந்த ஆளுக்குத் தள்ளுபடி கிடையாது" என்று பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு சைரனைப் போட்டான். போனது இரண்டு நிமிடம்.

சைரன் கேட்டு முன்னால் போகிறவர்கள் ஒதுங்குகிறார்களோ இல்லையோ, பின்னால் இரண்டு பைக்குகள் உடனே ஒட்டிக்கொண்டன, யார் வீட்டுச் சாவிலோ இலவச வழி. ஞானசீலன் அவர்களைத் திட்டுவதை எப்போதோ விட்டுவிட்டான். போன மாதம் தாமதம் என்று ஒருவர் கண்ணாடியை உடைத்தார். அவரையும் திட்டவில்லை.

தொண்ணூறடி ரோடு பேரில்தான் தொண்ணூறு. இருபக்கக் கடைகளும் வெளியே நீட்டிக்கொண்டது போக மிச்சத்தில்தான் ஊர் நடக்கிறது. பூதத்தான் கடைச் சந்தின் வாயில் முகம்மது ஹனீப் சூட்கேஸ் விற்கிற மேசை. ஞானசீலன் தலையை நீட்டினான்.

"பாய், பத்தடி வேணும்."

"வியாபார நேரத்துல பத்தா? அஞ்சு தாரேன். ஸ்ட்ரெச்சர்தானே, சாச்சுக் கொண்டு போங்க."

"ஆளைச் சாச்சா கொண்டு வர முடியும்? வண்டி உள்ள போகணும். பூதத்தான் அண்ணாச்சிக்கு."

"யாரு கூப்பிட்டா? அவுக வீட்டுலயா?"

"அவரே."

ஹனீப் மேசையைத் தூக்கினார். அடுத்த கடைக்காரரும் கேட்காமலே தன் பந்தலைச் சுருட்டினார். பேரமில்லாமல் அந்தச் சந்து முழு அகலத்துக்குத் திறந்ததை ஞானசீலன் அன்றுதான் பார்த்தான்.

பூதத்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மனைவி கோமதியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏற்றியதும் ரீனா நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"வலி பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

"ஏழு."

ரீனா நிமிர்ந்தாள். எட்டு மாதத்தில் அவள் பத்துக்குக் கீழே ஒரு விடை கேட்டதில்லை. ஒருவர் பதினைந்துகூடச் சொன்னார்.

"மேடம், ஏழுன்னா ஏழு" என்றான் ஞானசீலன்.

காகிதச் சுருளைப் பார்த்தவள் முகம் மாறியது. மாத்திரையை மென்று தின்னக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "உள்ள தயாரா வைங்க, வந்துட்டே இருக்கோம்" என்றாள். சயான் சிக்னலில் மறுபடி கேட்டாள்.

"இப்ப?"

"ஆறரை."

ஆஸ்பத்திரியில் அவரை நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், ஸ்ட்ரெச்சரோடு. மாற்றிப் போடக் கட்டில் காலியில்லை. ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் வண்டி நகராது. கன்ட்ரோல் ரூமிலிருந்து மூன்று தடவை போன், ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று. ஞானசீலன் டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம், காரணம் எழுத ஒரு கட்டம். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு மெமோ.

"ட்ராஃபிக்னு போடுங்கண்ணா" என்றாள் ரீனா. "பம்பாயில யார் அதைக் கேக்கப் போறாங்க?"

அவனும் அதைத்தான் போடுவான், எப்போதும். ஆனால் உள்ளே கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த இரண்டு நிமிடம் அங்கே எவ்வளவுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. இதற்கு முன் எந்தச் சரக்கையும் அவன் மதிப்புத் தெரியாமல் கொடுத்ததில்லை.

முக்கால் மணி கழித்துக் கோமதியம்மாள் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடைப்பை எடுத்துட்டாகளாம். பிழைச்சிட்டாரு. அரை மணி பிந்தியிருந்தா கஷ்டம்னு பெரிய டாக்டர் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

ஞானசீலன் மூச்சை விட்டான்.

"உள்ள போகையில உங்களைத்தான் கேட்டாரு" என்றாள். "வேற ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம்னு சொன்னாகளே, பன்னிரண்டு ஆச்சேன்னாரு. தப்பா எடுத்துக்காதீய, அவரு சுபாவம் அப்படி."

அவள் போனபின் ரீனா வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானசீலன் காரணக் கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டினான்: 'வடாபாவ் வாங்க நின்றது. இரண்டு நிமிடம்.' அனுப்பினான்.

பிறகு ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை ரீனாவிடம் நீட்டினான்.