கால் சதவீதம்

பிப்ரவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, வடிவமைப்புப் பிரிவின் தலைவர் ஹோ ஒரு கோப்பைக் கொண்டுவந்து மிஹ்யாங்கின் மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"இத நீங்கதான் பாக்கணும்னு இல்ல. வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன். உங்களுக்குத் தெரியாம நடந்தா நல்லாருக்காதேன்னுதான் கொண்டாந்தேன்" என்றார்.

கோப்பின் மேல் ஒரு கப்பலின் கட்டுமான எண் இருந்தது. மிஹ்யாங்குக்கு அந்த எண்ணைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. முந்நூற்று முப்பத்தைந்து மீட்டர் நீளம், எட்டாயிரத்து ஐந்நூறு கன்டெய்னர்கள். ஏழு வருடங்களுக்கு முன் இதே கோஜே தீவில், ஜன்னலைத் திறந்தால் தெரியும் உலர்துறையில், தண்ணீரை வற்றவைத்த அந்தப் பெரிய பள்ளத்தில், கட்டி அனுப்பிய கப்பல். அதன் மூக்கை வரைந்தவர் அவளுடைய கணவர் இன்பே.

கப்பல்காரர்கள் மூக்கு என்று சொல்வது, முகப்பில் நீர்மட்டத்துக்குக் கீழே உருண்டு நீண்டிருக்கும் இரும்புப் புடைப்பை. முகப்பு எழுப்பும் அலையை அது தன் அலையால் அடக்கிவிடும். தண்ணீர் கப்பலைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை குறையும், எண்ணெய் மிச்சமாகும். ஆனால் எந்த வேகத்துக்கென்று வரைந்தார்களோ அந்த வேகத்தில் மட்டும்தான். இன்பே வரைந்தது மணிக்கு இருபத்தைந்து கடல் மைலுக்கு. உரிமையாளர்கள் அப்படித்தான் கேட்டார்கள். கப்பல் கடலில் இறங்கி ஒரு வருடம்கூட அந்த வேகத்தில் ஓடவில்லை. உலகத்தில் வியாபாரம் படுத்தது, எண்ணெய் விலை ஏறியது, எல்லாக் கப்பல்களும் பதினேழு பதினெட்டுக்கு இறங்கிவிட்டன. அந்த வேகத்தில் இன்பேயின் மூக்கு உதவுவதற்குப் பதில் தண்ணீரைச் சும்மா முட்டிக்கொண்டிருந்தது.

கோப்பில் இருந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. பழைய மூக்கை வெட்டி எடுத்துவிட்டு, மெதுவான ஓட்டத்துக்கு ஏற்ற புதிய மூக்கைப் பொருத்தித் தரவேண்டும்.

"நானே பண்றேன் சார்" என்றாள் மிஹ்யாங்.

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்."

ஹோ தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அவர் இன்பேக்குப் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்போது மிஹ்யாங் தீவில் இல்லை. தேஜோன் நகரத்திலிருந்த சோதனைத் தொட்டியில் வேலை. இன்பே தீவில் வரைவார். அந்த வரைபடத்தை எட்டு மீட்டர் மரக்கப்பலாகச் செதுக்கி அவளிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். அவள் அதை நீண்ட தொட்டியில் இழுத்து, இழுவை எவ்வளவு என்று அளப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். சனிக்கிழமை பஸ்ஸில் வருவதும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவதுமாகத்தான் குடித்தனம். "என் புருஷன நான் நேர்ல பாத்தத விட தண்ணில பாத்ததுதான் அதிகம்" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கப்பலுக்கு அவர் முதலில் அனுப்பிய மூக்கு சற்றுக் குட்டை, தாழ்ந்தது, அடிவயிறு பருத்தது. இருபத்தைந்து மைல் வேகத்தில் அவள் அளந்தபோது, ஒப்பந்தத்தில் சொன்னதைவிட ஒரு சதவீதம் கூடுதல் சக்தி கேட்டது. அறிக்கையில் அதை எழுதுவதற்கு முன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஒரு சதவீதம் அதிகமா வருதுங்க."

"சரியா அளந்தியா?"

"மூணு தடவ."

"அப்ப எழுது. என்ன தயக்கம்? தப்பா வந்தா நீ சொல்லாம வேற யார் சொல்லுவா?"

எழுதினாள். மெதுவான வேகங்களிலும் அளந்து பார்த்திருந்தாள். அங்கே அந்த மூக்கு அருமையாக நடந்துகொண்டது. ஆனால் அந்த எண்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அறிக்கையில் சேர்க்கும் வழக்கமும் இல்லை.

வரைபடம் திரும்பிப் போனது. இன்பே ஆறு வாரம் மறுபடியும் மறுபடியும் வரைந்தார். வார இறுதிகளில் பஸ் ஏறுவது நின்றது. இரண்டாவது மூக்கும் தேறவில்லை. மூன்றாவது, நீண்டு மேலே தூக்கிய மூக்கு, தேறியது. தேறிய மறுநாள், நவம்பர் மாதம், மதிய உணவு வரிசையில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். வயது நாற்பத்தொன்று. இதயம் என்றார்கள். செய்தி வந்தபோது மிஹ்யாங் தொட்டிக் கரையில் மரக்கப்பலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தேஜோனிலிருந்து மாற்றல் கேட்டுத் தீவுக்கே வந்துவிட்டாள். ஆள் இருந்தபோது வராமல், போன பிறகு வந்து என்ன என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு.

புதிய மூக்குக்கு இப்போது மரக்கப்பல்கள் அதிகம் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் ஐந்து வாரத்தில் நாலாயிரத்து முந்நூறு வடிவங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் தானே தண்ணீரில் விட்டுப் பார்த்து, வரிசைப்படுத்திக் கொடுத்தது. மேலே வந்தவை எல்லாமே குட்டையாக, தாழ்ந்து, அடிவயிறு பருத்து இருந்தன. அந்த வயிற்றை மிஹ்யாங் எங்கேயோ பார்த்திருந்தாள். பழைய பதிவறைக்குப் போய், இன்பேயின் முதல் வரைபடத்தைத் தேடி எடுத்துவந்து, அதையும் ஒரு வடிவமாகக் கம்ப்யூட்டருக்குள் கொடுத்தாள்.

மூன்றாவதாக வந்தது. முதலாவதைவிடக் கால் சதவீதம் கூடுதல் இழுவை.

ஹோ திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மிஹ்யாங், கால் சதவீதம்கிறது ஒண்ணுமே இல்ல. அடிப்பாகத்துல ரெண்டு மாசம் பாசி படிஞ்சா இதுக்கு மேல போயிடும். இன்பேயோடதயே அனுப்புங்க. நான் கையெழுத்து போடறேன். எவனும் கேக்க மாட்டான்."

மிஹ்யாங் அன்று முழுவதும் இரண்டு வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையாக இருந்தது. இன்பே முதலில் நினைத்தது கடைசியில் கடலுக்குப் போகும். இத்தனை வருடத்தில் அவளுக்கு யாரும் இப்படியொன்றைக் கொடுக்க முன்வந்ததில்லை. ஆனால் இப்போது கால் சதவீதம் ஒன்றுமில்லை என்றால், அன்றைக்கு ஒரு சதவீதத்தை எழுதிய கை என்ன கை? அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாமே? அந்தக் கேள்வியின் பக்கம் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முதலாவதாக வந்த வடிவத்தை அனுப்பினாள்.

ஏப்ரலில் கப்பல் வந்து சேர்ந்தது. அது உலர்துறைக்குள் ஏறிய மூன்றாம் நாள், அலுவலகக் கட்டடத்தின் வாசலில் தொக்பே நின்றுகொண்டிருந்தார். இன்பேயின் அண்ணன். உலர்துறையில் முப்பத்துநாலு வருடமாக இரும்பு வெட்டிப் பற்றவைப்பவர். தன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தம்பியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர். தம்பி போனபிறகு மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, அந்த மூக்கின் தகடுகளைத் தானே பற்றவைத்தவர். வருடத்துக்கு ஒருமுறை திதிக்கு வருவதோடு சரி. அலுவலகப் பக்கம் அவர் காலடி வைத்ததே இல்லை.

"உங்க ஆபீஸ் தரை வழுக்குது. மனுஷன் நடக்கறதுக்கா போட்டிருக்கான்?" என்றார் ஹெல்மெட்டைக் கழற்றி.

"சாப்பிட்டீங்களா பெரியத்தான்?"

"சாப்பிடத்தான் கூப்பிட வந்தேன்."

எதிரே மீன் சூப் கடையில் உட்கார்ந்தார்கள். கொதிக்கக் கொதிக்கச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் ஒரு கரண்டிகூட எடுக்காமல் கேட்டார்.

"வெட்டற வேலைய எங்க கோஷ்டிக்கிட்டதான் குடுத்திருக்கான். அது கெடக்கட்டும். புதுசு யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

தொக்பே தலையாட்டினார். "நல்லது. வெளியாள் கைக்குப் போகல. அந்தப் பாவிங்க அவன விரட்டி விரட்டி வரைய வச்சானுங்க. வரைஞ்சத தூக்கித் தூக்கி எறிஞ்சானுங்க. எவன் எறிஞ்சான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா..."

மிஹ்யாங் கரண்டியைக் கீழே வைத்தாள். ஏழெட்டு வருடமாக ஒவ்வொரு திதியிலும் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறாள். இந்தக் கடையில் போவதற்கு அடுப்படி இல்லை.

"நான்தான் பெரியத்தான்."

"என்ன நீ?"

"திருப்பி அனுப்பினது. தொட்டியில அளந்தது நான். ஒரு சதவீதம் அதிகம்னு எழுதினது நான். ரெண்டாவதும் நான்தான் சரியில்லன்னு சொன்னேன்."

அவர் முகம் மாறவில்லை. காது சரியாகக் கேட்காதவர்போலச் சற்று முன்னால் குனிந்தார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்பேயின் முதல் வரைபடத்தை இப்போது மறுபடி பார்த்ததையும், அது கால் சதவீதத்தில் பின்தங்கியதையும், அதை அனுப்பலாம் என்று ஹோ சொன்னதையும், தான் அனுப்பாததையும்.

"இந்தத் தடவையுமா?" என்றார் தொக்பே.

"ஆமா."

"அந்த ஆளே கையெழுத்து போடறேன்னு சொல்லியும்?"

"ஆமா."

அவர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். மீன் சூப் அப்படியே இருந்தது. கடைக்காரம்மா, "என்ன தொக்பே அண்ணே, உப்பு கூடிப்போச்சா?" என்று கூவினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெட்டிய நாள் தூறல். மிஹ்யாங் உலர்துறையின் மேல்விளிம்பில் நின்று பார்த்தாள். தண்ணீர் வற்றிய துறையில் கப்பல் மலைபோல நின்றது. அதன் முகப்பில் நீண்டு தூக்கிய மூக்கு, பாசியும் துருவுமாக, எட்டு ஆள் உயரத்துக்கு. சாரத்தின் மேலே நின்று நெருப்புக் குழாயைப் பிடித்திருந்தவர் தொக்பேதான். ஐம்பத்தெட்டு வயதில் அந்த வேலைக்கு அவரை யாரும் ஏற்றுவதில்லை. அவரே கேட்டு ஏறியதாக மேஸ்திரி சொன்னார். "வயசுப் பசங்க கண்டபடி கிழிச்சிடுவானுங்களாம். நேரா வெட்டணுமாம்."

மதியம் வரை வெட்டினார். தான் பற்றவைத்த இணைப்புகளின் ஓரமாகவே நெருப்பை நகர்த்தினார். மாலையில் பாரந்தூக்கி இருநூற்றுச் சொச்சம் டன்னையும் தூக்கிக் கரையில் இறக்கியது. வெளியே பெரிதாகத் தெரிந்தது உள்ளே வெறும் சட்டங்களும் சேறும்தான். தொக்பே கீழே இறங்கிவந்து, நனைந்த கையுறைகளைக் கழற்றினார். மிஹ்யாங்குக்கு மூன்றடி தள்ளி நின்றார்.

"பழைய இரும்புக்காரன் நாளைக்கு வந்துடுவான். நீ வேடிக்க பாக்க வராத" என்றார். அவ்வளவுதான்.

புதிய மூக்குடன் கப்பல் வெள்ளோட்டம் போனது. பதினேழு மைல் வேகத்தில் ஏழு சதவீதம் எண்ணெய் மிச்சம். உரிமையாளர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதே வடிவத்தில் கட்டிய மற்ற ஐந்து கப்பல்களுக்கும் அதையே செய்யச் சொன்னார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. முதல் இரண்டைத் தொக்பே வெட்டினார். பிறகு முதுகுவலி என்று விடுப்பில் போனார். அடுத்த கோடைக்குள் ஆறு கப்பல்களும் புது மூக்கோடு கடலில் இருந்தன. இன்பே கடைசியாக வரைந்த அந்த மூக்கு இப்போது உலகத்தில் எந்தத் தண்ணீரிலும் இல்லை. மிஹ்யாங்குக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். ஹோ வாழ்த்தவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடத் திதிக்குத் தொக்பே வரவில்லை. மனைவியிடம் பேரிக்காய்ப் பெட்டியொன்றைக் கொடுத்தனுப்பினார். மிஹ்யாங் தனியாகவே படைத்தாள்.

அடுத்த திதிக்கு வந்தார். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், இளைத்துப்போய், கோட்டு தொளதொளவென்று நின்றுகொண்டிருந்தார். சோறும் சூப்பும் கருவாடும் பழமும் வைத்த படையலுக்கு முன் இரண்டு முறை விழுந்து வணங்கினார். தம்பியின் கிண்ணத்தில் சோஜு மதுவை ஊற்றினார். பிறகு அதை எடுத்துத் தானே குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கே அது சரின்னு நீ எழுதியிருந்தா, அவன் இருந்திருப்பானா?"

"தெரியல பெரியத்தான்."

"எத்தனையோ கணக்கு போடறியே."

"இத்தன வருஷமா போட்டுத்தான் பாக்கறேன். வரல."

அவர் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"அவன் மொதல்ல வரைஞ்சது... பின்னால போயிடுச்சுன்னு சொன்னியே. எத்தனாவது?"

"மூணாவது."

"எத்தனைல?"

"கம்ப்யூட்டர் போட்டது நாலாயிரத்து முந்நூறு."

தொக்பே திரும்பி அவளைப் பார்த்தார். கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"அவன் எத்தன போட்டான்?"

"மொதல்ல அது ஒண்ணுதான். கையால."

"நாலாயிரத்துல மூணாவதா? கையால ஒண்ணே ஒண்ணு போட்டு?" அவர் குரல் உடைந்தது. சிரிப்புபோல ஏதோ தொடங்கி, தோள் குலுங்கி, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அந்தக் கைகளில் தீப்பொறி சுட்ட பழைய புள்ளிகள் நிறைந்திருந்தன. "அடப்பாவி... இத அன்னிக்கு சூப் கடையில சொல்லியிருக்கக்கூடாதா நீ? கால் சதவீதம் கால் சதவீதம்னியே தவிர இத சொல்லலயேம்மா."

மிஹ்யாங்குக்கு அது தோன்றவே இல்லை. குறைந்ததை அளந்து சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் அதைக் கையில் பிடித்தபடி அவரருகே தரையில் உட்கார்ந்தாள்.

"இத சொல்லணும்னு எனக்குத் தெரியல பெரியத்தான்" என்றாள். அவளும் அப்போதுதான் அழத் தொடங்கினாள். படையல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துப் பரிமாற இருவராலும் எழ முடியவில்லை.