ரெண்டு படி கருஞ்சாமை

அமரர் ஊர்தியிலிருந்து அப்பாவை இறக்கி வாசல் பெஞ்சில் கிடத்தும்போதே அமுதவல்லிக்கு உலக்கைச் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் கேட்கிற சத்தம்தான் என்று விட்டுவிட்டாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். உரலோரம் விதைப்பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அப்பாவின் அக்கா கோவிந்தம்மாள் முறத்தில் சாமையரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உமியைக் கோழிகள் கிளறின.

"அத்த, அது வெத."

"நீதான கண்ணு போன்ல சொன்ன, ரேஷன் அரிசி வேணாம், அப்பா வெளைச்சதையே வாய்க்கரிசி போடலாம்னு. வூட்டுல மூட்டையப் பாத்தேன், ஒன்னுமில்ல. பானையிலதான் ரெண்டு படி இருந்திச்சு. சனம் நெறைய வருமேன்னு மொத்தத்தையும் குத்திட்டேன்."

சொன்னது உண்மைதான். விடிகாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவளேதான் சொன்னாள். சாப்பாட்டுச் சாமை பங்குனியிலேயே தீர்ந்துபோனது நினைவுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் எது நினைவுக்கு வரும்?

மழை ஏமாற்றிய வருஷம் சுற்றிலும் எல்லாம் கருகியபோது அரை மகசூலாவது கொடுத்தது இந்தக் கருஞ்சாமைதான். அதைப் பார்த்துவிட்டு நாலு வீட்டார் அப்பாவிடம் விதை வாங்கிப் போனார்கள். அடுத்த வருஷமே நாலு பேரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள். வாங்கிப் போன விதையைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டார்கள். மிச்சம் இந்தப் பானை மட்டும். நேற்று ஆக்ஸிஜன் குழாயை விலக்கிவிட்டு அப்பா கேட்டதும் இதைத்தான்.

"ஆடி பொறந்ததும் போட்டுடும்மா."

அவளும் தலையாட்டினாள். ஆடிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கோழிகளை விரட்டிவிட்டு உமிக்குள் கைவிட்டுத் துழாவினாள். குத்துப்படாத மணி ஒன்றுகூட அகப்படவில்லை. அத்தை எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எழுபது வயதில் தம்பிக்காகக் கை சிவக்கக் குத்தியிருக்கிறாள். அவளை என்னவென்று திட்டுவது? தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வாசலில் கூப்பிட்டார்கள். பாடை கட்டி முடித்திருந்தார்கள். அத்தை தட்டை நீட்டினாள். அமுதவல்லி இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளியெடுத்தாள்.

"கை நெறையப் போடு கண்ணு. ஒங்கப்பன் வெளைச்சதுதான."

கை நிறைய அள்ளி அப்பாவின் உதட்டில் போட்டாள். பாதி, கன்னத்தில் சரிந்து கழுத்தடியில் சிந்தியது. பின்னால் வரிசை காத்திருந்தது. சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.